மக்கள்தொகை, பசுமைத் தொழில்நுட்பம், நுகர்வு: பூமியின் சுமையை எது குறைக்கும்?

சுற்றுச்சூழல் பற்றிப் பேச்செடுத்தால் கொஞ்ச நேரத்தில் மூன்று கட்சிகள் உருவாகிவிடும். "ஆட்கள் பெருகிவிட்டார்கள், அதுதான் எல்லாவற்றுக்கும் வேர்" என்பது ஒரு கட்சி. "சோலார், காற்றாலை, மின்வாகனம் எல்லாம் வந்துவிட்டன, இனிக் கவலை இல்லை" என்பது இன்னொன்று. "வசதி படைத்தவர்கள் நுகர்வைக் குறைத்தாலே போதும்" என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றும் ஒரே வேலைக்குப் போட்டி போடுவதாக நினைத்துக்கொண்டு வாதிடுகிறோம். உண்மையில் ஒவ்வொன்றும் வேறு வேகத்தில் ஓடுகிறது, வேறு சுமையைத் தொடுகிறது. அப்படிப் பிரித்துப் பார்த்தால், அடுத்த 25 ஆண்டுகளின் கார்பன் கணக்கில் மக்கள்தொகைக் கட்சி தோற்றுவிடுகிறது. காடு, நிலம், நீர் என்று வந்தால் தொழில்நுட்பக் கட்சி தோற்றுவிடுகிறது.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதே சண்டை நடந்தது. அறிவியலாளர்கள் பால் எர்லிக்கும் ஜான் ஹோல்ட்ரனும் மக்கள்தொகைப் பெருக்கத்தின் மேல் விரல் நீட்டினார்கள். உயிரியலாளர் பாரி காமனர், இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த தொழில்நுட்பங்கள்தான் முதல் குற்றவாளி என்றார். அந்த வாதத்தில் பிறந்த சூத்திரம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: சுற்றுச்சூழல் பாதிப்பு என்பது மக்கள்தொகை, ஆளுக்கு ஆகும் நுகர்வு, அந்த நுகர்வை உண்டாக்கும் தொழில்நுட்பத்தின் கேடு ஆகிய மூன்றின் பெருக்கல். பெருக்கல் என்பதால் எதைப் பாதியாக்கினாலும் விடை பாதியாகும். சரி, எதைப் பாதியாக்க எவ்வளவு காலம் பிடிக்கும்? அதைச் சூத்திரம் சொல்வதில்லை. எனக்கு அந்தக் கேள்விதான் முக்கியமாகப் படுகிறது.

மக்கள்தொகையைக் குறைப்பது

1960இல் உலகில் 300 கோடிப் பேர் இருந்தார்கள். 2022 நவம்பரில் 800 கோடியைத் தொட்டோம். இதை மட்டும் பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் வளர்ச்சியின் வேகம் 1960களிலேயே உச்சத்தைத் தொட்டுவிட்டது. அன்று ஆண்டுக்கு 2 சதவீதத்துக்கு மேல் பெருகிக்கொண்டிருந்த உலகம் இப்போது 1 சதவீதத்துக்கும் குறைவாகப் பெருகுகிறது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 5 குழந்தைகள் என்றிருந்தது 2.3க்கும் கீழே வந்துவிட்டது. ஐ.நா.வின் 2024 கணிப்புப்படி, 2080களில் சுமார் 1030 கோடியில் உச்சம் தொட்டு, அப்புறம் மெல்ல இறங்கும்.

இந்த இறக்கம் எப்படி வந்தது என்பதைப் பலரும் தவறாகப் புரிந்துவைத்திருக்கிறார்கள். சீனாவின் ஒரு குழந்தைச் சட்டத்தை வெற்றிக் கதையாகச் சொல்பவர்கள் உண்டு. 1970இல் அங்கே ஒரு பெண்ணுக்குக் கிட்டத்தட்ட 6 குழந்தைகள். 1979 வாக்கிலேயே அது 3க்கும் கீழே வந்துவிட்டது. சட்டம் நாடு முழுக்க வந்தது அதற்குப் பிறகுதான். பெரிய இறக்கம் முடிந்த பிறகு வந்த கொடுமை அது. இந்தியாவில் நெருக்கடி நிலைக் காலத்தில் ஒரே ஆண்டில் 60 லட்சத்துக்கும் அதிகமான ஆண்களுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். விளைவு, குடும்பக் கட்டுப்பாடு என்ற பெயரே பல ஆண்டுகளுக்குக் கசந்துபோனது. அதே சமயம் ஈரான் 1989இல் கருத்தடைச் சேவையை இலவசமாகக் கிராமங்கள் வரை கொண்டுபோனது. பெண் கல்வியும் கூடவே வளர்ந்தது. 1980களில் 6க்கு மேல் இருந்த விகிதம் இருபதே ஆண்டுகளில் 2 அளவுக்கு வந்தது. பங்களாதேஷிலும் கிட்டத்தட்ட 7இலிருந்து 2 வரை இறங்கியது. சட்டம் போட்டுப் பிறப்பைத் தடுக்கவில்லை; வீட்டு வாசலுக்கு மாத்திரையும் ஆலோசனையும் கொண்டுவந்த பெண் பணியாளர்கள்தான் அதைச் சாதித்தார்கள்.

சரி, இந்த வழி வேலை செய்கிறது. ஆனால் எவ்வளவு சீக்கிரம்? இன்றைக்குப் பள்ளியில் படிக்கும் சிறுமிகள் நாளை ஆளுக்கு இரண்டு குழந்தைகள் மட்டுமே பெற்றாலும் மக்கள்தொகை கூடிக்கொண்டுதான் போகும். ஏனென்றால் அவர்களுடைய பாட்டிகள் தலைமுறையைவிட அந்தச் சிறுமிகளின் எண்ணிக்கை மிகப் பெரியது. கோரி பிராட்ஷா, பேரி புரூக் என்ற இரு ஆய்வாளர்கள் 2014இல் இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். உலகம் முழுக்க ஒரு குழந்தைதான் என்று கட்டாயப்படுத்தினாலும், பேரழிவுகளில் ஏராளமான மக்கள் மாண்டாலும்கூட, 2100இல் 500 கோடி முதல் 1000 கோடிப் பேர் வரை இருப்பார்கள் என்று வந்தது. காலநிலைக்கு நமக்கிருக்கும் அவகாசத்துக்குள் இந்தக் கருவி பெரிதாக எதையும் அசைக்காது.

கார்பனைப் பொறுத்தவரை இன்னொரு பெரிய ஓட்டையும் உண்டு. நைஜர் நாட்டில் ஒரு பெண்ணுக்கு ஏறத்தாழ 6 குழந்தைகள். அங்கே ஓர் ஆள் ஆண்டுக்கு வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.1 டன். அமெரிக்காவில் சுமார் 14 டன். நூறு மடங்குக்கும் மேல். வேகமாகப் பிறப்பு நடக்கும் இடமும் வேகமாகப் புகை எழும் இடமும் ஒன்றல்ல. இதைச் சொல்லாமல் "மக்கள்தொகைதான் பிரச்சினை" என்பது, ஏழைப் பெண்ணின் மேல் மற்றவர்களின் கணக்கை எழுதுவதாகும். எனக்கு இதில் கோபமே வருகிறது.

பசுமைத் தொழில்நுட்பம்

மூன்றில் இதுதான் வேகமான குதிரை. 2010க்கும் 2020க்கும் இடையில் சோலார் தகடுகளின் விலை சுமார் 90 சதவீதம் சரிந்தது. 2024இல் உலக மின்சாரத்தில் ஏறத்தாழ 15 சதவீதம் சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்தது. இருபது வருடங்களுக்கு முன் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

ஆனால் அந்த வாக்கியத்தில் 'மின்சாரத்தில்' என்ற சொல்லைக் கவனியுங்கள். உலகம் இறுதியாகப் பயன்படுத்தும் ஆற்றலில் மின்சாரத்தின் பங்கு ஐந்தில் ஒன்றுதான். மீதி பெரும்பாலும் வண்டிகளிலும் கப்பல்களிலும் உலைகளிலும் கொதிகலன்களிலும் நேரடியாக எரிகிறது. மொத்த முதன்மை ஆற்றலில், அதாவது மின்சாரமாகவோ வேறு எதுவாகவோ மாற்றுவதற்கு முன் மூலத்திலிருந்து எடுக்கும் ஆற்றலில், நிலக்கரி, எண்ணெய், எரிவாயுவின் பங்கு இன்னும் ஏறத்தாழ 80 சதவீதம். சோலார் சாதனை படைத்த அதே 2024இல் நிலக்கரிப் பயன்பாடும் சாதனை படைத்தது. புதியது பழையதை விரட்டாமல், அதன் மேல் வந்து உட்கார்ந்திருக்கிறது.

எங்கே நுழைய முடியாமல் திணறுகிறது என்று பார்த்தால் சிமெண்ட் நல்ல உதாரணம். உலகம் ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டன் சிமெண்ட் செய்கிறது. அதில் வரும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை. சுண்ணாம்புக்கல்லைச் சூடாக்கும்போது அந்தக் கல்லிலிருந்தே வெளியேறுகிறது. சூளையை முழுக்கச் சூரிய சக்தியில் ஓட்டினாலும் அது வரத்தான் செய்யும். எஃகு ஊதுலையில் நிலக்கரி சூட்டுக்காக மட்டும் போடப்படுவதில்லை, தாதுவிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கவும் அதுதான் வேண்டும். ஹைட்ரஜனைக் கொண்டு செய்ய வழி இருக்கிறது, ஆனால் அதற்குத் தேவையான மின்சாரம் ஏராளம். அமோனியா உரம் இதைவிடச் சிக்கல். இன்றைய மனிதர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் உணவு செயற்கை நைட்ரஜனை நம்பி நிற்கிறது. அதைப் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்துதான் தயாரிக்கிறார்கள்.

"வெளியிட்ட கார்பனைத் திரும்பப் பிடித்துவிடலாமே" என்பவர்களுக்கு ஒரு விகிதம்: உலகில் இப்போதிருக்கும் கார்பன் பிடிப்பு ஆலைகளின் மொத்தத் திறன் ஆண்டுக்குச் சுமார் 5 கோடி டன். எரிபொருளாலும் தொழிற்சாலைகளாலும் வெளியேறுவது ஆண்டுக்குச் சுமார் 3700 கோடி டன்.

சுரங்கங்களையும் சொல்ல வேண்டும். பேட்டரிக்கு லித்தியம், நிக்கல், கோபால்ட், காற்றாலைக்கும் மோட்டாருக்கும் அருமண் தனிமங்கள், எல்லாவற்றுக்கும் செம்பு. நிலக்கரிச் சுரங்கத்தோடு ஒப்பிட்டால் தோண்டும் அளவு குறைவுதான். உலோகத்தைத் திரும்ப எடுக்கலாம், எரித்த நிலக்கரியை எடுக்க முடியாது. ஆனால் எடுக்கிறோமா? 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22 சதவீதம்தான்.

இதெல்லாம் பொறியியல் சிக்கல்கள், காலமும் பணமும் இருந்தால் தீரலாம். தீராத எல்லை வேறொன்று. பசுமைத் தொழில்நுட்பம் பெரும்பாலும் ஆற்றலின் கேட்டைத்தான் குறைக்கிறது, நிலத்தின் மேலிருக்கும் பாரத்தைக் குறைப்பதில்லை. 2018இல் வந்த ஒரு கணக்கின்படி உலகப் பாலூட்டிகளின் மொத்த உயிர்நிறையில் (உடல்களின் கூட்டு எடையில்) கால்நடைகள் 60 சதவீதம், மனிதர்கள் 36 சதவீதம், காட்டு விலங்குகள் வெறும் 4 சதவீதம். எத்தனை சோலார் பூங்கா வைத்தாலும் அந்த 4 சதவீதம் உயராது. சில நேரம் 'பசுமை' என்ற பெயரே நிலத்தைத் தின்றும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் தாவர எரிபொருளை ஊக்குவித்தபோது பாமாயிலுக்குக் கிராக்கி ஏறியது. இந்தோனேசியாவின் கரிச்சதுப்புக் காடுகள் வடிகட்டப்பட்டுத் தோட்டங்களாக மாறியதில் அதற்கும் பங்கு உண்டு.

நுகர்வைக் குறைப்பது

உலக மக்களில் மேல்தட்டு 10 சதவீதத்தினர் கிட்டத்தட்டப் பாதி உமிழ்வுக்குக் காரணம். விமானப் பயணத்தில் இது இன்னும் கூர்மை: மக்கள்தொகையில் 1 சதவீதத்தினர்தான் பயணிகள் விமான உமிழ்வில் பாதிக்குப் பொறுப்பு. 1970இலிருந்து மக்கள்தொகை இரண்டு மடங்குக்குச் சற்று மேல் கூடியிருக்கிறது. பூமியிலிருந்து தோண்டியும் வெட்டியும் அறுத்தும் எடுக்கும் பொருள்களோ மூன்று மடங்குக்கும் மேல், ஆண்டுக்குச் சுமார் 10,000 கோடி டன் ஆகிவிட்டன. ஆளின் எண்ணிக்கையைவிட ஆளுக்கான தேவை வேகமாக வளர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இந்த வழியின் பெரிய பலம், அது கார்பனையும் நிலத்தையும் ஒருசேரத் தொடும். மனிதர் வாழத்தக்க நிலத்தில் கிட்டத்தட்டப் பாதி விவசாயத்தில் இருக்கிறது. அதில் முக்கால் பங்கு மேய்ச்சலுக்கும் தீவனத்துக்கும் போகிறது. இறைச்சியை அதிகம் உண்ணும் சமூகங்கள் அதைக் குறைத்தால் காடு திரும்ப இடம் கிடைக்கும். மக்கள்தொகை இறங்க 60 ஆண்டுகள் காத்திருக்க வேண்டாம்.

ஆனால் தனிமனிதர் தியாகத்தால் எவ்வளவு கிடைக்கும் என்பதற்கு 2020 ஒரு கசப்பான சோதனை. உலகமே வீட்டுக்குள் முடங்கியது, விமானங்கள் நின்றன, சாலைகள் காலியாயின. அந்த ஆண்டு கார்பன் டை ஆக்சைடு உமிழ்வு குறைந்தது சுமார் 5 சதவீதம்; அடுத்த ஆண்டே கிட்டத்தட்ட பழைய நிலைக்குத் திரும்பியது. மின்நிலையமும் சிமெண்ட் ஆலையும் மாறாதபோது நாம் வெளியே போவதை நிறுத்தினால் அவ்வளவுதான் கிடைக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. 1865இலேயே ஆங்கிலேயப் பொருளியலாளர் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் கவனித்தார்: நீராவி இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக இங்கிலாந்தின் நிலக்கரிச் செலவு கூடியது. சிக்கனத்தில் மிச்சமாவதை இன்னொரு நுகர்வு விழுங்கிவிடும். அதைத் தடுக்க வரியும் விதியும் வேண்டும், அறிவுரை போதாது.

மூன்றும் சந்திக்கும் ஒரு நாடு

காங்கோ ஜனநாயகக் குடியரசை எடுத்துக்கொள்ளுங்கள். உலகின் கோபால்ட்டில் ஏறத்தாழ 70 சதவீதம் அங்கிருந்து வருகிறது. அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6 குழந்தைகள். மக்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் மின்சாரம். மற்றவர்கள் விறகிலும் கரியிலும் சமைப்பதால் காடு குறைகிறது. உலகின் பேட்டரிக்கு உலோகம் கொடுக்கும் நாடு இருட்டில் கிடக்கிறது.

அங்கே போய் "நுகர்வைக் குறையுங்கள்" என்று சொல்ல முடியுமா? அவர்களுடைய நுகர்வு உயர்ந்தாக வேண்டும். "குழந்தை பெறாதீர்கள்" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. அதே சமயம் உலக அளவில் சுமார் 25 கோடிப் பெண்கள் கருவுறாமல் இருக்க விரும்பியும் நவீன கருத்தடை முறை எதையும் பயன்படுத்தாமல் இருக்கிறார்கள். ஆண்டுக்குச் சுமார் 12 கோடிக் கருவுறல்கள், அதாவது மொத்தத்தில் கிட்டத்தட்டப் பாதி, திட்டமிடாமல் நிகழ்கின்றன. இவர்கள் கேட்பதைக் கொடுப்பது கார்பனுக்காகச் செய்யும் வேலையல்ல. கார்பனே ஒரு பிரச்சினையாக இல்லாவிட்டாலும் செய்திருக்க வேண்டியது. 2080இல் காடும் நதியும் இளைப்பாறும் என்பது அதன் கூடுதல் பலன்.

ஆக என் வரிசை இப்படி இருக்கும். அடுத்த 25 ஆண்டுகளின் கார்பனுக்கு, தொழில்நுட்பமும் மேல்தட்டு 10 சதவீதத்தின் நுகர்வும். நிலத்துக்கும் உயிரினங்களுக்கும், இறைச்சியையும் பொருள் நுகர்வையும் குறைக்கும் விதிகள். 2050க்கு அப்பால் உள்ள எல்லாவற்றுக்கும், பெண் குழந்தைகளின் பள்ளியும் கருத்தடைச் சேவையும். அதன் பலன் அப்போதுதான் தெரியும் என்றாலும் பணம் இப்போதே போக வேண்டும். பணக்கார நாடுகள் கோபால்ட்டுக்குப் பணம் அனுப்பும் அதே ஆர்வத்தோடு, அதே மாகாணங்களுக்கு மின்கம்பியும் செவிலியரும் போக முதலீடு செய்யட்டும். சுரங்க ஒப்பந்தங்களிலேயே அதை எழுதிவைக்க முடியும்.