கல்யாண மண்டபத்தில் டீவாட்ஸ்: எட்டு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

நாற்றம் வருமா? எங்கள் மண்டபத்தின் கழிவுநீரைத் தொட்டிகளிலும் ஜல்லிப் படுகையிலும் கரண்டு இல்லாமல் சுத்தம் செய்யும் டீவாட்ஸ் அமைப்பைப் பற்றி எல்லோரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள். பந்திக்கூடத்தில் வராது. தொட்டி மூடியைத் திறந்தால் வரும். காற்றே இல்லாத சாயங்காலங்களில் ஜல்லிப் படுகையின் ஓரம் நின்றால் அழுகிய முட்டை வாடை லேசாகத் தெரியும். இந்த எட்டு வருடத்தில் பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ இதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஏசி குளிரவில்லை, பார்க்கிங் போதவில்லை என்று அவர்களுக்குச் சொல்ல வேறு நிறைய இருக்கிறது.

எங்கள் மண்டபம் திண்டிவனத்துக்குப் பக்கத்தில், ஊருக்கு வெளியே. கீழே பந்தி, மேலே ஹால், பின்னால் தங்கும் அறைகள். பாதாளச் சாக்கடை இந்தப் பக்கம் வரவில்லை. சீக்கிரம் வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. முன்பு ஒரு பெரிய செப்டிக் டேங்க் மட்டும் இருந்தது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் அது நிரம்பிப் பின்பக்க வயலுக்குள் வழியும். வயல்காரர் சண்டைக்கு வருவார். கசடு உறிஞ்சும் லாரிக்காரர் போனை எடுக்கமாட்டார். 2017இல் ஒரு வழி செய்தே தீர வேண்டும் என்று இறங்கினோம்.

இரண்டு வகை கொட்டேஷன் வந்தது. ஒன்று, காற்றடித்துச் சுத்திகரிக்கும் பேக்கேஜ் பிளான்ட். இடம் குறைவாகப் பிடிக்கும், வெளியே வரும் தண்ணீரும் நன்றாக இருக்கும். ஆனால் ப்ளோயர் நிற்கவே கூடாது. இரண்டு எச்.பி. ப்ளோயர் ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் ஓடினால் 30 யூனிட், மாதம் 900 யூனிட். வணிகக் கட்டணம் யூனிட்டுக்குச் சுமார் பத்து ரூபாய் என்று போட்டுப் பாருங்கள். கல்யாணமே இல்லாத ஆடியிலும் ஒன்பதாயிரம் கட்ட வேண்டும். ஆபரேட்டர் சம்பளம் தனி. எனக்குத் தெரிந்த இரண்டு ஓட்டல்களில் இந்த மாதிரி பிளான்ட் இருக்கிறது. அதிகாரிகள் வரும் நாளில் மட்டும் ப்ளோயர் சத்தம் கேட்கும்.

இன்னொன்று டீவாட்ஸ். ஜெர்மனியின் பிரேமன் நகரத்து போர்டா என்ற அமைப்பு வளரும் நாடுகளுக்காகப் பரப்பிய முறை இது. பெங்களூரின் சிடிடி என்ற தொண்டு அமைப்பு போன்றவர்கள் வழியாக இந்தியாவில் வேரூன்றியது. புதுச்சேரி தவளக்குப்பத்தில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனையின் கழிவுநீர் இந்த முறையில்தான் சுத்தமாகித் தோட்டத்துக்குப் போகிறது. ஆரோவில்லிலும் பல இடங்களில் இருக்கிறது. தவளக்குப்பத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் முடிவெடுத்தோம். கட்டுமானச் செலவு பேக்கேஜ் பிளான்ட்டைவிட ஏறக்குறைய கால் பங்கு அதிகம். "மலிவு" என்று விற்பவர்கள் சொல்வதைக் கட்டும்போது எதிர்பார்க்காதீர்கள். மலிவு என்பது அதற்குப் பிறகு வரும் கரண்டு பில்லில்தான்.

அமைப்பு எளிது. முதல் தொட்டியில் கனமானது அடியில் படியும். அடுத்து தடுப்புச் சுவர் வைத்த ஐந்து அறைகள். ஒவ்வொன்றிலும் தண்ணீர் அடிக்கு இறங்கி, அங்கே தங்கியிருக்கும் கறுப்புக் கசடு வழியாக மேலே ஏறி அடுத்த அறைக்குப் போகும். காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அந்தக் கசடில்தான் இருக்கின்றன. நம் ஊர் வெயில் அவற்றுக்கு ஒத்துப்போகிறது. அடுத்து கருங்கல் ஜல்லி நிரப்பிய இரண்டு அறைகள். இதுவரை எல்லாம் கார் நிறுத்தும் இடத்துக்கு அடியில். கடைசியாகத் திறந்தவெளியில் செடி வைத்த ஜல்லிப் படுகை; எங்களுடையது சுமார் 100 சதுர மீட்டர், கிட்டத்தட்ட இரண்டரை சென்ட். அதன் முடிவில் ஒரு சேமிப்புத் தொட்டி. தோட்டத்துக்கு ஏற்றும் மோட்டாரைத் தவிர எங்கும் கரண்டு கிடையாது.

ஆரம்பத்தில் நுண்ணுயிர்கள் பெருகுவதற்காகப் பழைய செப்டிக் கசடும் சாணக் கரைசலும் ஊற்றி வைத்தார்கள். மூன்று மாதம் வெளியே வந்த தண்ணீர் பார்க்கச் சகிக்காது. பொறுத்துக்கொள்ள வேண்டும், வேறு வழியில்லை.

சிக்கல் முதல் வைகாசியில் வந்தது. வடிவமைத்தவர்கள் மாதம் முழுவதும் வரும் தண்ணீரை முப்பதால் வகுத்து, நாளுக்குப் பத்தாயிரம் லிட்டர் என்று கட்டிக்கொடுத்திருந்தார்கள். மண்டபம் அப்படியா இயங்குகிறது? முகூர்த்த நாளில் 25,000 லிட்டர் தாண்டும், அதிலும் பாதிக்கு மேல் விடியற்காலையிலிருந்து மதியத்துக்குள் வந்துவிடும். மற்ற நாளில் மூவாயிரம்கூட இருக்காது. தடுப்பு அறைகளில் தண்ணீர் மேலேறும் வேகம் மணிக்கு ஒரு மீட்டருக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். அதைத் தாண்டினால் அடியில் இருக்கும் கசடு கிளம்பித் தண்ணீரோடு போய்விடும். எங்களுக்கு அதுதான் நடந்தது. முகூர்த்தம் முடிந்த மறுநாள் ஜல்லிப் படுகையின் தலைப்பில் கறுப்புத் துகள்கள் மிதந்தன. வேலை செய்ய வேண்டிய உயிர்கள் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தன.

தீர்வு எங்கள் கையிலேயே இருந்தது. கைவிட்ட பழைய செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்து, வரும் தண்ணீர் எல்லாம் முதலில் அதில் விழும்படி செய்தோம். அதன் அடிப்பக்கத்தில் இரண்டு அங்குலக் குழாய் ஒன்று மட்டும், வாயைக் குறுக்கி. எவ்வளவு வந்தாலும் தொட்டியில் மட்டம் ஏறும். வெளியே போவது நிதானமாக, இரண்டு நாளில் போகும். நிலம் சரிவாக இருந்ததால் மோட்டார் தேவைப்படவில்லை. மண்டபம், பள்ளி விடுதி, அன்னதானக் கூடம் என்று ஏற்றத்தாழ்வாகத் தண்ணீர் வரும் எந்த இடமாக இருந்தாலும், இந்தச் சமன்படுத்தும் தொட்டி வரைபடத்தில் இல்லை என்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்தது சமையற்கட்டு. உண்மையில் இந்த அமைப்பின் பராமரிப்பு முக்கால்வாசி அங்கேதான். தொட்டிகளுக்கு ஆள் வேண்டாம். சாக்கடைக்குள் என்ன போகிறது என்று பார்க்க ஆள் வேண்டும். ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிய சமையல் கான்ட்ராக்டர், புதிய ஆட்கள். வடை பொரித்த எண்ணெயை வாய்க்காலில் கவிழ்ப்பார்கள். கேட்டால், "தண்ணியோட தண்ணியா போயிடும் சார்" என்பார்கள். போகாது. சமையல் கழிவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்துப் பிடிக்கும் தொட்டியான கிரீஸ் டிராப்பில் எண்ணெய் மேலே மிதந்து நிற்க வேண்டும் என்றால் தண்ணீர் ஆறியிருக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்க வரும் தண்ணீரில், சோப்பாயிலும் சேர்ந்தால், எண்ணெய் கரைந்து தாண்டிப் போய், குளிர்ந்த இடத்தில் வெள்ளையாக உறைந்துவிடும். இப்போது பாத்திரம் துலக்கும் தொட்டிக்கும் கிரீஸ் டிராப்புக்கும் நடுவில் இன்னொரு சிறிய தொட்டி, ஆறுவதற்கு. பயன்படுத்திய எண்ணெயை பயோடீசலுக்கு வாங்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் கொண்டுவந்தது. டின்னில் சேர்த்து வைத்து அதற்கே கொடுத்துவிடுகிறோம்.

எண்ணெயைவிடக் கள்ளமான ஆள் கஞ்சி. மூட்டைக் கணக்கில் அரிசி வடிக்கும் இடத்தில், வடித்த கஞ்சி முழுக்க வாய்க்காலில் போனால், நூற்றுக்கணக்கான பேர் கழிப்பறை போன சுமையைவிட அது பெரிது. பார்க்க வெள்ளையாக, சுத்தமாக இருப்பதால் யாருக்கும் தோன்றாது. பக்கத்து ஊர் மாட்டுக்காரர் ஒருவர் டிரம் கொண்டுவந்து வைக்கிறார். கஞ்சியும் காய்கறிக் கழிவும் அவருக்கு. எங்கள் வாட்ச்மேன் பெரியவர் அண்டா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். "ஏம்ப்பா, அங்க இல்ல, டிரம்முல ஊத்து" என்று அவர் போடும் சத்தம் நாதஸ்வரத்தையும் தாண்டிக் கேட்கும். வாடகை ஒப்பந்தத்திலும் ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: எண்ணெயோ கஞ்சியோ வாய்க்காலில் ஊற்றினால் முன்பணத்தில் பிடிக்கப்படும். இதுவரை இரண்டு மூன்று முறை பிடித்தும் இருக்கிறோம். நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும் என்பதால் கழிப்பறையில் ஆசிட் ஊற்றுவதையும் நிறுத்தியாயிற்று.

ஜல்லிப் படுகை பார்க்க அழகு. கல்வாழை சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும். நாணல் ஒரு பக்கம். விருந்தினர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள், அடியில் என்ன ஓடுகிறது என்று தெரியாமல். தண்ணீர் மட்டம் எப்போதும் ஜல்லியின் மேற்பரப்புக்கு இரண்டு அங்குலம் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் கொசு கிடையாது. சில மாதத்துக்கு ஒருமுறை செடியை வெட்டி அள்ள வேண்டும். ஐந்து வருடம் போனபின் தண்ணீர் நுழையும் முதல் ஒரு மீட்டர் அடைத்துக்கொண்டது. அந்த ஜல்லியை மட்டும் தோண்டி, கழுவி, திரும்பக் கொட்டினோம். ஆள் கூலிதான் செலவு.

2020இல் ஊரடங்கு வந்தது. கல்யாணத்துக்கு ஐம்பது பேர் என்றார்கள். மண்டபம் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தது. கசடு செத்துவிடும், மறுபடி சாணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று பயந்தேன். காற்றில்லா உயிர்கள் பசி தாங்கும் என்று அப்போது தெரிந்தது. திறந்தபிறகு சில வாரங்களில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. காற்றடிக்கும் பிளான்ட்டாக இருந்தால் ப்ளோயரை நிறுத்திய சில நாளிலேயே கதை முடிந்திருக்கும். செடிகளுக்கு மட்டும் போர் தண்ணீர் பாய்ச்சினோம். ஆடி, மார்கழி வந்தால் இன்றும் அதேதான்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் அரை மீட்டர் மழை. எங்கள் வளாகத்திலும் முழங்கால் தண்ணீர். படுகை மூழ்கி, மேலே வண்டல் படிந்தது. மேல் ஜல்லியை மட்டும் அள்ளி மாற்றினோம். தொட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அப்போது லாரி வைத்து எல்லாத் தொட்டிகளையும் காலி செய்துவிடலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். நிலத்தடி நீர் மேலே நிற்கும்போது காலித் தொட்டி படகு மாதிரி கிளம்பும், சுவர் பிளக்கும். நல்லவேளை, கொத்தனார் தடுத்தார்.

கசடு அள்ளுவது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, முதல் தொட்டியில் மட்டும். தடுப்பு அறைகளில் தேவைப்பட்டால் கொஞ்சம், எப்போதும் கால்வாசிக்குக் குறையாமல் உள்ளே விட்டுவைக்க வேண்டும். லாரிக்காரர் "முழுசா உறிஞ்சித் தர்றேன்" என்பார், விடக் கூடாது. உரிமம் உள்ள வண்டியாக இருக்க வேண்டும். எங்கே கொட்டுகிறார் என்றும் கேளுங்கள். மதுராந்தகம் பக்கத்துக் கருங்குழியில் தமிழ்நாட்டின் முதல் மலக்கசடு சுத்திகரிப்பு நிலையம் 2017இலேயே வந்துவிட்டது. ஏரியில் கொட்டச் சாக்கு இல்லை. எந்தக் காரணத்துக்கும் ஆள் இறங்கக் கூடாது. கையால் மலம் அள்ளுவதற்கு எதிரான 2013ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. உள்ளே ஒரு உயிர் போனால் 30 லட்சம் இழப்பீடு என்று உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், அந்தத் தொட்டியில் இருக்கும் வாயு இரண்டு மூச்சுக்குள் ஆளைச் சாய்த்துவிடும். ஒவ்வொரு அறைக்கும் தனி மூடி வைத்து, மேலிருந்தே குழாய் விடும்படி கட்டச் சொல்லுங்கள்.

தண்ணீரின் தரத்தில் இதற்கு ஒரு எல்லை உண்டு. சாதாரண நாளில் சாம்பிள் எடுத்தால், தண்ணீரில் மிச்சமிருக்கும் மக்கும் அழுக்கைக் காட்டும் பி.ஓ.டி. அளவு லிட்டருக்கு 20, 25 மில்லிகிராம் என்று வருகிறது. 2017இல் மத்திய அரசு பெருநகரமல்லாத ஊர்களுக்குக் குறித்த 30க்குள்தான் இது. தொடர்ந்து முகூர்த்தம் உள்ள வாரத்தில் எடுத்தால் 30ஐத் தாண்டிவிடும். பசுமைத் தீர்ப்பாயம் 2019இல் சொன்ன 10ஐ இது தனியாக எட்டாது. அம்மோனியாவும் முழுசாகப் போவதில்லை. அதனால்தான் எங்கள் தென்னையும் வாழையும் இப்படிக் கொழுத்து நிற்கின்றன, அது வேறு விஷயம். கிருமியும் முற்றிலும் சாகாது. கீரைக்கோ காய்கறிக்கோ விடுவதில்லை, குளோரின் போடாமல் கழிப்பறைக்கும் ஏற்றுவதில்லை.

சென்ட் பல லட்சம் விற்கும் நகரத்து அபார்ட்மெண்ட்டுக்கு இதை நான் சொல்லமாட்டேன். பத்தடி தோண்டினால் தண்ணீர் வரும் கடலோர நிலத்துக்கும் யோசிக்க வேண்டும். விடுதி, சிறிய மருத்துவமனை, பள்ளி, நூறு வீடு உள்ள லேஅவுட், சுற்றிக் கொஞ்சம் தோட்டம் என்றால் தாராளமாக. அடுத்த வருடம் நாங்கள் இன்னும் நான்கு தங்கும் அறைகள் கட்டுகிறோம். அவற்றின் குளியல் தண்ணீரை தொட்டிகளுக்கு அனுப்பாமல், தனிக் குழாயில் நேராக ஜல்லிப் படுகைக்கே விடலாமா என்று பொறியாளரிடம் கேட்டிருக்கிறேன். படுகையை இன்னும் அரை சென்ட் நீட்டினால் முடியும் என்கிறார்.