ஆறு ஆண்டு சைக்கிள் பயணம்: பையில் மிஞ்சிய கருவிகளும் பூட்டும்

வேலை நாள்களில் தாம்பரத்திலிருந்து கிண்டிக்கும், ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரையிலும் ஒரே கியர் சைக்கிளை ஆறு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். தொடக்கத்தில் சீட்டுக்கு அடியில் தொங்கிய பையில் கடைக்காரர் சொன்ன அத்தனை கருவிகளும் இருந்தன. இப்போது அவற்றில் பாதிகூட இல்லை.

ஒரு விடுமுறை நாளில் சைக்கிளை முற்றத்தில் நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டிலும் எந்தச் சாவி பொருந்துகிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். 4, 5, 6 மி.மீ. ஆலன் சாவிகளே (அறுகோண முனை கொண்டவை) ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் போதுமானவையாக இருந்தன. முன்சக்கரம் குவிக் ரிலீஸ், அதாவது கருவியில்லாமல் நெம்புகோலைத் திருப்பியே கழற்றலாம். பின்சக்கரம் நட்டில் நிற்பதால் அதற்கு 15 மி.மீ. ஸ்பேனர் வேண்டும். நான் வாங்கியிருந்த மடக்குக் கருவியில் இருந்த பல முனைகளில் அந்த ஒன்றுதான் இல்லை.

பஞ்சர்தான் நம் சாலைகளில் அடிக்கடி வரும் தொல்லை. பெரும்பாலும் சீமைக்கருவேல முள்தான் காரணம். டியூபை மாற்றி நூறு மீட்டர் போவதற்குள் மறுபடியும் காற்று இறங்கிய அந்தக் காலை நன்றாக நினைவிருக்கிறது. டயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவியபோதுதான், ஒடிந்த முள்ளின் முனை அரிசிக் குருணை அளவுக்கு ரப்பருக்குள் நின்றது தெரிந்தது. அன்றிலிருந்து முள்ளைப் பிடுங்க ஒரு சிறு குறடு பையில் இருக்கிறது. மழையில் நனைந்த டியூபில் ஒட்டு பிடிக்காது. ஒருமுறை திறந்த சொல்யூஷனும் சில மாதங்களில் காய்ந்துவிடும். ஆகவே மாற்று டியூப், இரண்டு டயர் லீவர், கைப்பம்பு ஆகியவைதான் எனக்கு முதல் தேவை. ஒட்டுப் பொருள்கள் அதற்குப் பிறகுதான். பிரெஸ்டா எனப்படும் ஒல்லியான வால்வு உள்ளவர்கள் சிறிய பித்தளை அடாப்டர் ஒன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் பஞ்சர் கடையின் காற்றுக்குழாய் வால்வில் பொருந்தாது.

பூட்டில் நான் முதலில் நம்பியது சுருள் கம்பிப் பூட்டை. வண்டி நிறுத்துமிடத்தில் என் சைக்கிளுக்குப் பக்கத்தில் ஒரு மாலை அதே வகைப் பூட்டு அறுந்து கிடந்தது. பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்து கம்பி நார்நாராகப் பிரிந்திருந்தது. சைக்கிளைக் காணவில்லை. மறுநாளே யு-லாக் எனப்படும், U வடிவத்தில் வளைந்த கனமான இரும்புப் பூட்டை வாங்கினேன். உருளைச் சாவி கொண்ட யு-லாக்கைச் சாதாரண பால்பாயின்ட் பேனாவின் உறையால் திறக்க முடியும் என்பது 2004-இல் அமெரிக்காவில் பெரும் செய்தியானதை அறிந்திருந்ததால், தட்டைச் சாவி உள்ளதையே தேடி எடுத்தேன்.

யு-லாக்கின் குறை, தடிமனான தூணைச் சுற்றி வராது என்பதே. அமெரிக்க சைக்கிள் மெக்கானிக் ஷெல்டன் பிரவுன் சொன்ன முறை இங்கே எனக்குக் கைகொடுத்தது: பூட்டைப் பிரேமின் பின் முக்கோணத்துக்குள் (சீட்டுக்கும் பின்சக்கர அச்சுக்கும் இடையே குழாய்கள் அமைக்கும் முக்கோணம்) வரும்படி பின்சக்கர ரிம்மில் கோத்து, அசையாத கம்பியோடு சேர்த்துப் பூட்டினால், பிரேமைத் தனியாகச் சுற்றாமலே சக்கரமும் பிரேமும் சேர்ந்து மாட்டிக்கொள்ளும். முன்சக்கரத்துக்குப் பழைய கம்பிப் பூட்டு.

ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள யு-லாக்கை நான் சுமப்பதில்லை. அலுவலக ஸ்டாண்டின் கம்பியிலேயே இரவும் பகலும் தொங்குகிறது. கடற்காற்றில் துரு ஏறாமலிருக்க, மாதம் ஒருமுறை சாவித் துவாரத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விடுகிறேன். ஞாயிறு பயணத்தில் டீக்கடை பெஞ்சிலிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில்தான் சைக்கிள் நிற்கும் என்பதால் அன்றைக்குக் கம்பிப் பூட்டு மட்டும் போதும்.