பெரிய எழுத்து வேதாகமம்: ஒன்றரை வருடம் வாசித்தபின்

காட்பாடியில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற தமிழ் டீச்சர். எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) பாஸ்டரேட்டில் ஐயர், அதாவது போதகர், ஒருவர்தான்; அவர் பார்க்கவேண்டிய கிராம சபைகளோ பல. அவர் வரமுடியாத ஞாயிறுகளில் என்னைப் போன்றவர்கள் போய்ப் பிரசங்கம் பண்ணுகிறோம். அதற்காகத்தான் வேலூரில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் 900 ரூபாய் கொடுத்து இதை வாங்கினேன். பழைய மொழிபெயர்ப்பு, நல்ல பெரிய எழுத்து, ரெஃபரன்ஸ் (தொடர்புள்ள மற்ற வசனங்களின் குறிப்பு), தம்ப் இண்டெக்ஸ் (புத்தகங்களைச் சட்டென்று திறக்க ஓரத்தில் வெட்டிய அடையாளம்), ஜிப் வைத்த உறை.

வாங்கவைத்தது என் தவறு ஒன்று. குடியாத்தம் பக்கத்துச் சபை. வந்திருந்தவர்களில் பாதிக்குமேல் பீடி சுற்றுகிற பெண்கள். அன்றைய பாடம் மத்தேயு 20, திராட்சத்தோட்ட வேலையாட்கள்: விடியற்காலையில் வந்தவனுக்கும் பதினோராம்மணி வேளையில் வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறான், முந்தி வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். கூலிக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நெருக்கமான உவமை ஏது என்று ஒரு வாரம் உட்கார்ந்து தயார் செய்தேன். கையில் பொடி எழுத்து பைபிள், கோயிலுக்குள் ஒரே ஒரு டியூப்லைட். 12-ஆம் வசனத்தில் கண் ஒரு வரியைத் தாண்டிவிட்டது. பிந்தி வந்தவர்கள் ஒரு மணி நேரம் மாத்திரம் வேலைசெய்தார்கள் என்கிற இடமே போயிற்று. ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "டீச்சரம்மா, பதினோரு மணிக்கு வந்தவனுக்கு முழுக்கூலி குடுத்தா இன்னா தப்பு? அவனும் பொழுது சாயறவரைக்கும் செஞ்சிருப்பான் இல்ல?"

தூக்கிவாரிப்போட்டது. பதினோராம்மணி வேளை என்பது விடிந்ததிலிருந்து எண்ணுகிற கணக்கு. நம் கடிகாரத்தில் சாயங்காலம் ஐந்து. எனக்கு இது அத்துப்படி. அதனாலேயே சொல்லாமல் விட்டுவிட்டேன். 1995-இல் வந்த புதிய மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் ஐந்து மணி என்றே இருக்கிறது. ஆனால் சபையாருக்கு மனப்பாடமானது 1871-இல் வெளிவந்த தமிழ். அதை மேடையில் மாற்றி வாசிக்க எனக்கு மனம் வரவில்லை.

இந்தப் புத்தகத்தில் எழுத்து தெளிவு. கண்ணாடியைக் கழற்றிவிட்டே வாசிக்கிறேன். நிமிர்ந்து முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் விட்ட வரி உடனே அகப்படுகிறது. ரெஃபரன்ஸ் நன்றாக உதவுகிறது. 'சாயங்காலத்தில்' எஜமான் கூலி கொடுக்கச் சொல்கிற இடத்திலிருந்து லேவியராகமம் 19:13-க்குப் போனேன்: கூலிக்காரன் கூலி விடியுமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது. உபாகமம் 24:15-இலும் அதே பேச்சு. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்குப் பார்த்து வாங்குகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் அந்த உவமையைப் பேசியதே தப்பு என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

பெரிய குறை வரி முறிவு. எழுத்து பெரிசு, பத்தி குறுகல், ஒரு வரிக்கு மூன்று நான்கு சொல்தான். இடம் போதாத சொல்லை இணைப்புக்கோடுகூட இல்லாமல் வெட்டிக் கீழே தள்ளியிருக்கிறார்கள். 'முறுமுறுத்' என்று ஒரு வரி முடிகிறது, 'தார்கள்' அடுத்த வரியில். சத்தமாக வாசிக்கிறவர் நாக்கு அங்கே தடுமாறும். அதனால் சனிக்கிழமை ராத்திரி பாடங்களை மூன்று தரம் வாய்விட்டு வாசித்து, வெட்டுப்பட்ட சொற்களுக்குக் கீழே பென்சிலில் வளைகோடு போட்டுவிடுகிறேன். பிரசங்கக் குறிப்பு எப்படியும் ஒரு தாளில் அடங்கிவிடும்; நேரம் பிடிப்பது இந்த வாசிப்புக்குத்தான். பேனா வேண்டாம், தாள் மெல்லிசு, மை பின்பக்கம் தெரியும்.

கனமும் அதிகம். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு குடியாத்தம் போய்ச்சேருவதற்குள் தொடை மரத்துப்போகிறது. வேலூர் வெயிலுக்கு ரெக்ஸின் அட்டை ஓரம் இப்போதே உரிகிறது. ஜிப் இன்னும் நன்றாக இருக்கிறது.

நான்கு மாதம் கழித்து அதே சபைக்குப் போனேன். அன்றைய பாடம் வேறு. ஐயரிடம் சொல்லிவிட்டு, பிரசங்கத்துக்குமுன் மத்தேயு 20-ஐ முழுவதும் திரும்ப வாசித்தேன். பதினோராம்மணி வேளை வருகிற 6-ஆம் வசனத்தின் ஓரத்தில் இரண்டு சொல்லுக்குத்தான் இடம். 'சாயங்காலம் 5' என்று எழுதி வைத்திருந்தேன். அதைச் சொன்னதும் முன்வரிசையிலிருந்த அந்தப் பாட்டி, "அப்படியா சங்கதி!" என்று சத்தமாகவே சொன்னார்.

மேடைக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். மேசையில் வைத்துப் படிக்க மட்டும் என்றால் நடுத்தர எழுத்தே போதும், பணமும் மிச்சம். வாங்குமுன் கடையிலேயே சங்கீதம் 119-ஐத் திறந்து பத்து வசனம் வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.