திட மரத்தளம்: சில வருடப் புழக்கத்துக்குப் பிறகு

வரவேற்பறையில் 20 மி.மீ. தடிமன் ஓக் பலகைகளைப் போட்டுச் சில வருடங்கள் ஆகிவிட்டன. மழையும் வறட்சியும் மாறி மாறிப் பார்த்த தளம் என்பதால் துணிந்து சொல்கிறேன்: நிறமும் பாலிஷும் இரண்டாம்பட்சம்தான். சுவரோரம் விட்ட இடைவெளிதான் இந்தத் தளத்தைக் காப்பாற்றுகிறது.

மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில்தான் காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பும், உலர்ந்தால் சுருங்கும். சாதாரண அறுப்பு ஓக் பலகையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் கூடினாலே அகலம் சுமார் 0.37 சதவீதம் கூடும். 4 மீட்டர் அகல அறைக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய 15 மி.மீ.! ஆணிப் பிடிப்பும் பலகைகளுக்கு நடுவே உள்ள நூல் சந்துகளும் அதில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். மிச்சத்துக்கு இடம் வேண்டும். இல்லாவிட்டால் தளம் நடுவில் கூடாரம்போல எழும்பிவிடும்.

பலகைக் கட்டுகளை முதலில் அதே அறையில் பிரித்துவைத்தோம். ஈரப்பத மீட்டரில் பலகைக்கும் அடித்தளப் பிளைவுட்டுக்கும் உள்ள வித்தியாசம் 2 சதவீதத்துக்குள் வந்த பிறகே ஆசாரி ஆணி அடித்தார். இந்தப் பொறுமை மிக முக்கியம். சுற்றிலும் பலகையின் தடிமன் அளவுக்கே இடைவெளி. நிலைக்காலின் அடியை அறுத்துப் பலகையை உள்ளே நுழைத்து, அங்கேயும் இடம் விட்டார். குழாயைச் சுற்றியும் அப்படித்தான். சுவரடியில் இடைவெளியை மறைக்கும் ஸ்கர்ட்டிங் பட்டையைச் சுவரில் மட்டும் அடிக்க வேண்டும். தளத்தோடு சேர்த்து அடித்தால் விட்ட இடைவெளிக்கு அர்த்தமே இல்லை.

வறண்ட மாதங்களில் பலகைகளுக்கு நடுவே மெல்லிய கோடுகள் தெரியும். மழை வந்ததும் தானாக மூடிக்கொள்ளும். தயவுசெய்து அவற்றில் புட்டி அடைக்காதீர்கள். ஈரக்காலத்தில் மரம் உப்பும்போது புட்டி வழிவிடாது. பலகை ஓரங்கள் நசுங்கி, அடுத்த வறட்சியில் சந்து இன்னும் அகலமாகும்.

ஒருமுறை பால்கனிக் கதவடியில் மழைநீர் கசிந்து, சில பலகைகளின் நடு குழிந்து ஓரங்கள் தூக்கின. மேற்பரப்பைவிட அடிப்பக்கம் ஈரமானால் இப்படித்தான் ஆகும். உடனே இழைத்துச் சமன் செய்யலாம் என்று பலர் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. ஈரம் இருக்கும்போது ஓரங்களை இழைத்துவிட்டால், காய்ந்த பிறகு நடு மேடாகிவிடும். கசிவை அடைத்துவிட்டுக் காத்திருந்தோம். மெதுவாக, ஏறக்குறைய முழுதாகவே படிந்துவிட்டன.

குறைகளும் உண்டு. நாற்காலிக் கால்களுக்கு ஃபெல்ட் ஒட்டியும் கீறல் விழுகிறது. வறண்ட காலத்தில் ஓரிரு இடங்களில் கிறீச் சத்தம் வரும். துடைக்க நன்றாகப் பிழிந்த துணி மட்டும்தான். சமையலறைக்கும் இதையே போடுவேனா என்றால், மாட்டேன். தண்ணீர் புழங்கும் இடத்துக்கு டைல்ஸ் போதும்.