சிவிலைசேஷன் 6: கோர், ஆர்மி சேர்ப்பது எப்போது லாபம்?

2016-ல் வெளிவந்த சிவிலைசேஷன் 6 என்ற கணினி விளையாட்டை இன்றும் விட்டு விட்டு ஆடுகிறேன். படைகளை ஒன்றாக்கும் வசதியைப் பற்றிக் கேட்டால், "வந்த உடனே சேர்த்துடு" என்பார்கள் பலர். நான் அப்படிச் செய்வதில்லை.

நேஷனலிசம் சிவிக் (ஆட்டத்தில் நம் நாடு படிப்படியாக எட்டும் சமூக வளர்ச்சிகளில் ஒன்று) கிடைத்ததும், ஒரே வகைப் படைகள் இரண்டைச் சேர்த்து கோர் ஆக்கலாம். பலம் 10 கூடும். மொபிலைசேஷன் வந்த பிறகு மூன்றாவதையும் சேர்த்தால் ஆர்மி, மொத்தம் 17. துப்பாக்கி ஏந்திய காலாட்படையான மஸ்கட்மேனின் பலம் 55. சம பலத்தில் இரண்டு மோதினால், ஆளுக்கு 100 உயிரில் சுமார் 30 போகும். ஒரு பக்கம் ஆர்மி என்றால் கொடுப்பது சுமார் 59, வாங்குவது 15. இரண்டே அடியில் எதிரி காலி.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதே மூன்று மஸ்கட்மேனும் தனித்தனியாக நின்றால் ஒரு டர்னில் மூன்று அடி, மொத்தம் 90. உயிரும் 300. பக்கத்தில் நிற்கும் தோழர்களால் கிடைக்கும் ஃபிளாங்கிங், சப்போர்ட் போனஸ் வேறு. நகரத்தைச் சுற்றி வளைத்து, அது உயிரேற்றிக்கொள்ளாமல் தடுக்கவும் ஆள் எண்ணிக்கை வேண்டும். எல்லாவற்றையும் ஆர்மியாக்கி விட்டு, வளைக்க ஆளில்லாமல் நின்று என்ன பயன்?

அதனால் நான் முதலில் பார்ப்பது இடத்தைத்தான். ஒரு கட்டத்தில் ஒரு போர்ப்படைதான் நிற்க முடியும். இரண்டு மலைகளுக்கு நடுவே ஒற்றைக் கட்டம் மட்டும் திறந்திருந்தால், பின்னால் எத்தனை பேர் வரிசையில் நின்றாலும் அடிப்பது ஒருவர்தான். அங்கே ஆர்மிக்கு நிகரே இல்லை. திறந்த சமவெளி என்றால் காலாட்படையைத் தனித்தனியாகவே விடுவேன். பீரங்கி வகைகளைச் சேர்க்க மட்டும் யோசிக்க மாட்டேன். நகரத்துக்கு இரண்டு கட்டத் தூரத்தில் அவற்றுக்கு நல்ல இடம் எப்போதுமே பஞ்சம்.

இன்னொன்று, சேர்த்த படையில் அனுபவம் கூடியவரின் ப்ரமோஷன்கள் நிலைக்கும். மூன்று நான்கு ப்ரமோஷன் வாங்கிய பழைய கையோடு நேற்று பயிற்சி முடித்த புதுப்படையைச் சேர்ப்பதுதான் லாபம். இரண்டு அனுபவசாலிகளை ஒன்றாக்கினால் ஒருவர் உழைப்பு வீண். சேர்த்ததைத் திரும்பப் பிரிக்கவும் வழி வைக்கவில்லை. இத்தனை வருடத்தில் அதையாவது மாற்றியிருக்கலாம்.

சேர்த்துத்தான் ஆட வேண்டும் என்று ஆசையிருந்தால், 2018-ல் ரைஸ் அண்ட் ஃபால் விரிவாக்கத்தோடு வந்த ஜூலு தலைவர் ஷாகாவை எடுங்கள். ஜூலுக்களுக்கு மெர்சினரீஸ் சிவிக்கிலேயே கோர், நேஷனலிசத்திலேயே ஆர்மி, அதோடு பலத்தில் கூடுதலாக 5. நகரத்தைப் பிடிக்கிற படை தானாகவே கோராகவோ ஆர்மியாகவோ வளரும். அப்போது என் சமவெளிக் கணக்கெல்லாம் செல்லாது. மற்ற நாடுகளுக்கு, எல் சித் கிரேட் ஜெனரலாக (படைக்கு உதவும் சிறப்புத் தளபதியாக) கிடைத்தால் சீக்கிரமே ஒரு கோர் உண்டு. பிற்காலத்தில் மிலிட்டரி அகாடமி கட்டிய நகரத்தில் கோரையும் ஆர்மியையும் நேரடியாகவே, செலவும் குறைத்து உருவாக்கலாம். அதன் பிறகு ஒவ்வொன்றாக ஓட்டிப் போய்ச் சேர்க்கும் வேலை மிச்சம்.

கப்பல்களுக்கும் இதே போல இரண்டு சேர்ந்தால் ஃப்ளீட், மூன்று சேர்ந்தால் ஆர்மடா உண்டு. கடலில் இடத்துக்குக் குறைவில்லை என்பதால், குறுகிய ஜலசந்தி இருக்கும் வரைபடத்தில் தவிர அந்தப் பட்டனை நான் தொடுவதில்லை.