ஸ்கில்ஸ்ஃபியூச்சர்: பணம் தாராளம், நேரம்தான் பற்றாக்குறை

வேலையை விட்டுவிட்டு முழுநேரமாகப் படிக்கத் துணிந்த, நாற்பது வயதைக் கடந்த சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு, பயிற்சிக் கட்டணத்துக்கு அரசாங்கம் கைகொடுக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். சிறு நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு அதே உறுதியுடன் சொல்ல முடியவில்லை.

பணத்தில் குறை காண்பது கடினம். 2016இல் 25 வயதை எட்டியிருந்த குடிமக்கள் ஒவ்வொருவருக்கும், பயிற்சிக் கட்டணத்துக்கு மட்டும் பயன்படும் கணக்கில் 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வழங்கப்பட்டது. 2024 மே மாதம், 40 வயதை எட்டியிருந்தோருக்கு, காலாவதி இல்லாத 4,000 வெள்ளி கூடுதலாகக் கிடைத்தது. மானியம் கழிந்த பிறகே இத்தொகையைத் தொட வேண்டியிருப்பதால், 70 விழுக்காடு மானியமுள்ள 2,000 வெள்ளிப் பயிற்சிக்கு, பொருள் சேவை வரி நீங்கலாக, 600 வெள்ளிதான் நம் பங்கு. 4,000 வெள்ளியைக் கண்ட வகுப்புக்கெல்லாம் செலவிட முடியாது. பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழகம் போன்றவை நடத்தும், வேலைவாய்ப்பை ஒட்டிய பயிற்சிகளுக்கே அது செல்லும். தனியார் பயிற்சி நிலையங்களின் தரம் ஒரே சீராக இல்லாத நிலையில், இந்தக் கட்டுப்பாடு நல்லதே.

அரசாங்கத்தின் பணத்தோடு முதலாளிகளின் பணமும் இதில் சேர்கிறது. ஊழியர் ஒவ்வொருவருக்கும் மாதச் சம்பளத்தில் 0.25 விழுக்காடு, குறைந்தது 2 வெள்ளி, அதிகபட்சம் 11.25 வெள்ளி எனத் திறன் மேம்பாட்டுத் தீர்வையை அவர்கள் செலுத்துகிறார்கள். கப்பல் பட்டறையில் உழைக்கும் தமிழ்நாட்டுத் தொழிலாளிக்கும் சேர்த்தே இந்தத் தீர்வை கட்டப்படுகிறது. ஆனால் குடிமகனுக்குரிய அந்தப் பயிற்சிக் கணக்கு அவருக்குக் கிடையாது. இது உறுத்தவே செய்கிறது.

சிக்கல் நேரத்தில்தான். ஊழியரை வேலை நேரத்தில் வகுப்புக்கு அனுப்பும் நிறுவனத்துக்கு மணிக்கு 4.50 வெள்ளி ஈடாகத் தரப்படுகிறது. நாலைந்து பேர் மட்டுமே வேலை செய்யும் உணவகத்தில் ஒருவர் இல்லாத பொழுதை அத்தொகை ஈடுகட்டாது என்பதால், படிப்பு இரவுக்கும் வார இறுதிக்கும் தள்ளப்படுகிறது.

2025இல் தொடங்கிய பயிற்சிப் படித்தொகை இதை ஓரளவு சரிசெய்கிறது: 40 வயதை எட்டி, தகுதிபெற்ற முழுநேரப் பயிற்சியில் சேர்வோருக்கு, முந்தைய சராசரி வருமானத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளிக்கு மிகாமல், வாழ்நாளில் மொத்தம் 24 மாதங்கள் வரை கிடைக்கும். மாதம் 5,000 வெள்ளி ஈட்டியவருக்கு வருவது 2,500 வெள்ளி. வீட்டுக் கடன் உள்ளவர்கள் விண்ணப்பிப்பதற்கு முன்னரே அந்தத் தொகையில் குடும்பத்தை நடத்த முடியுமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.