மிதித்தால்தான் ஓட வேண்டும்: ஒரு பேட்டரி சைக்கிளோடு இரண்டரை வருடம்

கோவை வடவள்ளியிலிருந்து ஆர்.எஸ்.புரம் பக்கம் இருக்கும் ஆபீசுக்கு ஒரு பக்கம் எட்டு கிலோமீட்டர் வரும். இரண்டரை வருடமாக இந்தத் தூரத்தைப் பெரும்பாலும் பேட்டரி சைக்கிளில்தான் போய் வருகிறேன். "வாங்கலாமா?" என்று என்னிடம் கேட்கிறவர்களில் பாதிப் பேர் மனதில் இருப்பது வேறு வண்டி. மிதிக்கவே வேண்டாத, காலை மடக்கி உட்கார்ந்து போகும் குட்டி ஸ்கூட்டரை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். நான் சொல்வது சைக்கிள். பெடல், செயின், கியர் எல்லாம் உண்டு. பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் மோட்டார், ஃபிரேமுக்குள் பேட்டரி. மிதித்தால் மோட்டார் கைகொடுக்கும். வேகம் 25 கிலோமீட்டரைத் தொட்டதும் விலகிக்கொள்ளும். அதற்கு மேல் போவது அவரவர் காலின் சாமர்த்தியம். மொத்த எடை 23 கிலோ என்பதால், மோட்டார் விலகிய பிறகு அந்தச் சாமர்த்தியம் ரொம்ப நேரம் தாங்காது.

விலை நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. கம்பெனி பெயர் வேண்டாம். இந்த விலையில் வரும் வண்டிகள் எல்லாமே கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான், கோளாறுகளும் அப்படியே.

மோட்டாருக்கு நாம் மிதிப்பது எப்படித் தெரிகிறது என்பதில்தான் விலை வித்தியாசமே இருக்கிறது. விலை கூடிய வண்டிகளில் பெடலை எவ்வளவு அழுத்துகிறோம் என்று அளக்கும் டார்க் சென்சார் இருக்கும். என் வண்டியில் இருப்பது பெடல் சுற்றுகிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சென்சார். பெடல் அச்சில் சின்னச் சின்னக் காந்தங்கள் பதித்த ஒரு வளையம், அதை ஒட்டி ஒரு கறுப்புத் துண்டு, அவ்வளவுதான். அதனால் மிதிக்க ஆரம்பித்து அரைச் சுற்று போன பிறகுதான் மோட்டார் விழிக்கும். மிதிப்பதை நிறுத்தின பிறகும் ஒரு நொடி தள்ளும்.

ஓட்டும்போது கவனிக்க வேண்டிய விஷயமே இந்த ஒரு நொடிதான். லாலி ரோடு சிக்னலில் மிதிப்பதை விட்டுவிட்டு நிற்கப்போகிறோம் என்று வையுங்கள். அந்த ஒரு நொடித் தள்ளலே போதும், முன்னால் நிற்கும் ஸ்கூட்டரின் நம்பர் பிளேட்டில் போய் முட்டும். அதனால் மிதிப்பதை விட்டதிலிருந்து திரும்பக் கிளம்பும் வரை நான் பிரேக் லீவரை விடுவதில்லை. லீவருக்குள் சின்ன சுவிட்ச் ஒன்று இருக்கிறது. லேசாகப் பிடித்தாலே மோட்டாருக்குப் போகும் கரண்ட் கட் ஆகிவிடும். இந்த சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்வது நல்லது. பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்துப் பெடலைக் கையால் சுற்றுங்கள். மோட்டார் ஓட ஆரம்பித்ததும் லீவரைத் தொட்டால் சத்தம் அப்படியே அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் அன்றைக்கு வண்டியை எடுக்காதீர்கள். கடையில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. டிஸ்ப்ளேயில் லைட் எப்படிப் போடுவது என்று மட்டும் பத்து நிமிடம் காட்டுவார்கள்.

இன்னொன்று, எதிரில் இருப்பவர்களின் கண். அவர்களுக்கு இது சைக்கிள். சைக்கிள் என்றால் பன்னிரண்டு, பதினைந்து வேகம் என்று ஒரு மனக்கணக்கு எல்லோருக்கும் இருக்கிறது. நீங்கள் சத்தமில்லாமல் இருபத்துநான்கில் வருகிறீர்கள். ரோட்டைக் கடக்கிற பாட்டி, "சைக்கிள்தானே" என்று காலை வைத்துவிடுவார். முந்திப்போய் இடதுபுறம் சந்துக்குள் திரும்புகிற கார்காரரும் அதே கணக்கில்தான் திருப்புகிறார். தப்பு அவர்கள் மேல் என்று சொல்லிப் பயனில்லை. ஆள் நடமாட்டம் இருக்கும் இடத்தில் வேகத்தைச் சாதாரண சைக்கிள் அளவுக்கு இறக்கிவிடுகிறேன், பெல்லை முன்கூட்டியே அடிக்கிறேன். ஸ்டாப்பிங்கில் நிற்கும் மருதமலை பஸ்ஸின் இடதுபுறம் எப்போதும் நுழைவதில்லை. ஆள் இறங்குகிற பக்கம் அது. நடைபாதை எவ்வளவு காலியாக இருந்தாலும் ஏற்றுவதில்லை.

இனி காற்று. வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஜூன் மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து கிளம்பும் காற்று ஆடி முடியும் வரை கோவையில் ஓயாது. காலையில் முதுகைத் தள்ளி ஆபீசில் இறக்கிவிடும். மாலையில் வீடு இருப்பது மேற்கே. வேளாண் பல்கலைக்கழகம் தாண்டியதும் நேராக முகத்தில் அறையும், போதாததற்கு ரோடும் லேசான ஏற்றம். மோட்டார் இருக்கிறதே என்று நினைக்கலாம். ஆனால் எதிர்காற்றில் வேகம் 25-ஐத் தொடுவதே இல்லை, அதனால் மோட்டாருக்கு ஓய்வும் கிடையாது. வீடு வரை முழு மூச்சில் கரண்ட் இழுக்கும். மற்ற மாதங்களில் போகிற தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்படியே குறைந்துவிடும். கம்பெனி நோட்டீசில் 60 கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. புதிதில் 35 போனது, இப்போது காற்றில்லாத நாளில் 25-ஐ ஒட்டி நிற்கிறது. நோட்டீசில் இருப்பதைப் பாதியாக்கிக்கொண்டு கடைக்குப் போங்கள், ஏமாற்றம் இருக்காது.

வண்டியோடு ஓர் ஆக்சிலேட்டரும் வந்தது. திருகினால் மிதிக்காமலேயே ஓடும். அதைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன். திருகியே போனால் பேட்டரி கண்ணெதிரே கரையும், தூரம் பாதியாகும். அப்புறம் காலுக்குப் பழக்கம் விட்டுப்போகும். வேர்க்காமல் ஆபீஸ் போக வேண்டும் என்பதுதான் கவலை என்றால், மோட்டார் உதவியை மூன்றாவது நிலையில் வைத்து நிதானமாக மிதித்தாலே சட்டை நனையாது. சித்திரை மாதத்துக்கு நான் உத்தரவாதம் இல்லை.

பேட்டரி 36 வோல்ட், 10.4 ஆம்பியர் ஹவர். பெருக்கினால் சுமார் 374 வாட் ஹவர், அதாவது அரை யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் பத்து ரூபாய் என்று தாராளமாகவே கணக்குப் போட்டாலும் ஃபுல் சார்ஜ் ஐந்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். "செலவே இல்லை" என்று இதை வைத்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். செலவெல்லாம் பேட்டரியின் தேய்மானத்தில் ஒளிந்திருக்கிறது. புது பேட்டரிக்கு இப்போது கேட்கிற விலை பதினான்காயிரத்துக்கு மேல். ஒரேயடியாகக் காலியாக விடாமல், வெயிலில் நின்ற வண்டியை உடனே சார்ஜில் போடாமல் பார்த்துக்கொண்டால் கொஞ்சம் கூடுதலாக உழைக்கும்.

சார்ஜ் போடும் இடம் பற்றி ஒரு வார்த்தை. 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் ராத்திரியில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் மகளும் இறந்துபோனார்கள். அந்த வருடம் நாடெங்கும் நடந்த தீ விபத்துகளுக்குப் பிறகுதான், பதிவுக்கு உட்பட்ட மின் இருசக்கர வாகனங்களின் பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 விதிமுறையை மத்திய அரசு இறுக்கியது. 2022 டிசம்பரில் ஒரு கட்டம், 2023 மார்ச் இறுதியில் அடுத்த கட்டம். விதி வந்தது நல்லதுதான். ஆனாலும் வாசற்படியை மறித்த மாதிரி வண்டியை நிறுத்தி, எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். என் பேட்டரியைத் தனியாகக் கழற்றலாம். சாயங்காலம் வந்ததும் பால்கனித் தரையில் வைத்துப் போட்டு, படுக்கப்போகும் முன் எடுத்துவிடுகிறேன். வண்டியோடு வந்த சார்ஜர் மட்டும்தான். பிளக் பொருந்துகிறது என்பதற்காக வேறு சார்ஜரைச் செருகக் கூடாது.

பராமரிப்பில் பெரிய தலைவலி பின்சக்கர பஞ்சர். எங்கள் தெருமுனை பஞ்சர் கடைக்காரர் பார்த்ததுமே, "மோட்டார் வீலெல்லாம் கழட்ட மாட்டனுங்ணா" என்று கையை உதறிவிட்டார். பிறகு சக்கரத்தைக் கழற்றாமலேயே டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து ஒட்டிக் கொடுத்தார். டியூபே மாற்ற வேண்டுமென்றால் மோட்டார் வயரின் கனெக்டரைப் பிரித்து, 18-ம் நம்பர் ஸ்பேனரால் நட்டைக் கழற்றியாக வேண்டும். அந்த ஸ்பேனரை நானே பையில் வைத்திருக்கிறேன். பிரேக் பேட் சாதாரண சைக்கிளைவிடச் சீக்கிரம் தேய்கிறது, எடை அப்படி. பின்சக்கரத்தில் ஸ்போக்ஸ் தளரும். ஒரு மழைக்காலத்தில் டிஸ்ப்ளேக்குள் நீராவி கட்டி எண்களே தெரியவில்லை; வாரண்டியில் மாற்றித் தரச் சொல்லி வாரக்கணக்கில் அலையவிட்டார்கள். மழையில் ஓட்டலாம். லங்கா கார்னர் பாலத்தடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் மட்டும் சுற்றிப் போய்விடுங்கள். அச்சு மூழ்கினால் வயர் நுழைகிற ஓட்டை வழியாக மோட்டாருக்குள் தண்ணீர் போகும்.

சரி, சட்டத்துக்கு வருவோம். லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எதுவும் இல்லாமல் நான் இதை ஓட்டுவதற்குக் காரணம் மத்திய மோட்டார் வாகன விதிகள். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் 25 கிலோமீட்டருக்குள், பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் என்றால் அது மோட்டார் வாகனமே இல்லை. மிதித்தால் உதவும் சைக்கிளுக்கு இது சரியான எல்லை. ஐரோப்பாவிலும் இதே 250 வாட், இதே 25 கிலோமீட்டர். 45 வரை உதவுகிற சைக்கிள் என்றால் அங்கே நம்பர் பிளேட் வேண்டும்.

நம் ஊர்ச் சிக்கல் என்னவென்றால், என் 23 கிலோ சைக்கிளும், மிதிக்கவே பெடல் இல்லாத குட்டி ஸ்கூட்டரும் ஒரே விதிக்குள் அடங்கியிருக்கின்றன. பெடல் வண்டியில் கால் ஓய்ந்தால் மோட்டாரும் ஓயும். ஸ்கூட்டரில் அந்தக் கடிவாளம் இல்லை, அதை நிறுத்தி வைத்திருப்பது, மோட்டாருக்குப் போகும் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் இருக்கும் வேகப் பூட்டு மட்டும்தான். அந்தப் பூட்டு எவ்வளவு உறுதியானது என்பதை சர்வீஸ் கடையில் என் வண்டிக்காகக் காத்திருந்தபோது பார்த்தேன். ஒரு புது ஸ்கூட்டரின் கால்மிதியைத் திறந்து, கன்ட்ரோலரிலிருந்து வளையமாக வெளியே தொங்கிய ஒரு வெள்ளை வயரின் கனெக்டரை மெக்கானிக் இழுத்து விட்டார். இரண்டு விரல் வேலை. "இப்ப நாப்பதுக்கு மேல போகும் பாருங்க சார்" என்று வாங்க வந்தவரிடம் சாவியைக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற அவர் மகளுக்குப் பதின்மூன்று வயது இருந்தால் அதிகம். வண்டி டியூஷன் போக.

25-ல் போகும் வண்டி 45-ல் போனால் மோதும் வேகத்தின் உக்கிரம் மூன்று மடங்குக்கு மேல், பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் அப்படியே. பிரேக்கும் டயரும் 25-க்கென்று போட்டவை. அந்த வயரைப் பிடுங்கிய நிமிடமே சட்டப்படி அது மோட்டார் வாகனமாகிவிடுகிறது: பதிவு இல்லை, லைசென்ஸ் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை. லைசென்ஸ் இல்லாததற்கு 5,000, இன்சூரன்ஸ் இல்லாததற்கு 2,000 என்ற அபராதமெல்லாம் சின்ன விஷயம். யார் மேலாவது மோதினால் நஷ்டஈடு முழுக்க சொந்தக் கைக்காசு; அடிபட்டவருக்குக் கேட்க இன்சூரன்ஸ் கம்பெனி என்று ஒன்று இல்லை.

"எல்லாவற்றுக்கும் நம்பர் பிளேட் போடு" என்று கிளம்புவதும் எனக்குச் சம்மதமில்லை. சாப்பாடு டெலிவரி செய்கிற பையன்கள், மார்க்கெட்டுக்குப் போகிற பெரியவர்கள், கார் ஓட்டத் தெரியாத அம்மாக்கள் என்று இந்த 25 கிலோமீட்டர் வண்டியை நம்பிப் பிழைக்கிறவர்கள் நிறைய. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு அலையவிட்டால் முதலில் நிற்கப்போவது அவர்கள் வண்டிதான். மிதிக்கிற சைக்கிளை இப்போது இருக்கிற மாதிரியே விட்டுவிடலாம். மிதிக்காமல் ஓடும் வண்டிக்குக் குறைந்தபட்ச வயது 16 என்று வைத்து, ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கலாம். சிங்கப்பூரில் மிதித்தால் உதவும் பேட்டரி சைக்கிளுக்கே 16 வயது, பதிவு, ஆரஞ்சு நிற பிளேட், 20 கிலோ எடை வரம்பு, 2022 முதல் தியரி டெஸ்ட் என்று வைத்திருக்கிறார்கள். ஆக்சிலேட்டருக்கு அனுமதியே இல்லை. அவ்வளவு கெடுபிடி நம் ஊருக்குத் தேவையில்லை, ஆனால் வயது வரம்பு கட்டாயம் வேண்டும்.

பிடிக்க வேண்டிய இடம் ரோடு அல்ல, கடை. வேகப் பூட்டு வெளியே தொங்கும் வயராக இருக்கக் கூடாது என்று சான்று கொடுக்கும் கட்டத்திலேயே தடுத்துவிடலாம். புனேயில் ஏஆர்ஏஐ, மானேசரில் ஐகாட் போன்ற அமைப்புகள் சோதித்துத்தானே வண்டியே சந்தைக்கு வர வேண்டும்? தண்டனைக்குப் புதுச் சட்டமும் வேண்டாம். 2019 திருத்தத்தில் சேர்த்த 182ஏ பிரிவில், விதிக்கு மாறாக மாற்றிய வாகனத்தை விற்கும் டீலருக்கு வண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதமோ, ஓராண்டு வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. மாற்றிக்கொள்ளும் உரிமையாளருக்கும் ஆறு மாதம் வரை சிறையோ, மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதமோ, இரண்டுமோ உண்டு. ஊருக்கு இரண்டு கடையில் வண்டியை ஸ்டாண்டில் போட்டு முறுக்கிப் பார்த்தாலே போதும், மீதிக் கடைகளில் வெள்ளை வயர் தானாகத் திரும்பச் செருகப்பட்டுவிடும்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் சோதனைச் சான்றின் நகலைக் கேளுங்கள். "வேகத்தைக் கூட்டித் தரவா?" என்று அவர்களே ஆரம்பித்தால் வேறு கடை பாருங்கள், அதைச் செய்கிறவர் பேட்டரியிலும் கைவைப்பார். போக வர முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருந்தாலும், மாடியில் வீடு, ஆனால் பேட்டரியைத் தனியாகக் கழற்ற முடியாது என்றாலும் இது சரிப்படாது. நான் ஆடி முடிந்ததும் பேட்டரியை மாற்றலாம் என்றிருக்கிறேன். பாதி விலைக்கு லோக்கலில் செல் அடுக்கித் தருகிறேன் என்று ஒருவர் சொன்னார், வேண்டாம் என்றுவிட்டேன். கம்பெனி பேட்டரிதான், அதோடு சேர்த்துப் பின் பிரேக் பேடும்.